தேடல் முடிவில் ஊர் எங்கே ஒளிந்திருக்கிறது?
வாசகர் கேள்வி – பதில்

(நிரலில் வரும் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

கேள்வி: ஆரணியில் எங்கள் பட்டுச்சேலைக் கடைக்காக ஃப்ளட்டரில் டெலிவரி ஆப் ஒன்று எழுதுகிறேன். வாடிக்கையாளர் ஊர் பெயரைத் தட்டினால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் ஊர்த்தேடல் சேவையான நாமினாட்டிமுக்கு அனுப்பி, பதிலாக வரும் ஜேசனில் (சாவியும் மதிப்புமாக எழுதிய தரவு) ‘முதல் முடிவு → அட்ரஸ் → சிட்டி’ என்று எடுக்கிறேன். வேலூர் என்று போட்டால் வருகிறது. ஆரணி என்று போட்டால் ஆப் படுத்துவிடுகிறது. ‘நல்’ (மதிப்பு ஏதும் இல்லை என்பதன் குறி) என்பது ஸ்ட்ரிங் (எழுத்துச்சரம்) இல்லை என்று ஏதோ பிழை காட்டுகிறது. சொந்த ஊரே வராத ஆப்பை வைத்து என்ன செய்வது?
– வாசகர், ஆரணி

பதில்: ஆரணி நகராட்சி, வேலூர் மாநகராட்சி. நாமினாட்டிமுக்கு இந்த வித்தியாசம் தெரியும், உங்கள் ஆப்புக்குத் தெரியவில்லை. ஊரின் தரத்தைப் பொறுத்து அட்ரஸ் பெட்டிக்குள் சிட்டி, டவுன், வில்லேஜ், ஹேம்லட் (குக்கிராமம்) என்று வெவ்வேறு சாவியில் பெயர் வரும். எல்லாச் சாவியும் எல்லா முடிவிலும் இருக்காது. ‘சிட்டி’ இல்லாத இடத்தில் ‘சிட்டி’யைக் கேட்டால் ஃப்ளட்டரின் மொழியான டார்ட் உங்களுக்கு நல்லைத் தருகிறது. அதை ஸ்ட்ரிங் மாறியில் திணித்ததும் ஆப் விழுகிறது. வேலூரை வைத்தே சோதித்துப் பார்த்தவர்களுக்கு இது கண்ணில் பட வாய்ப்பே இல்லை.

பாதையின் ஒவ்வொரு படியும் இல்லாமல் போகலாம் என்று வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். முதல் படியே சந்தேகம்தான். எழுத்துப்பிழையோடு ஊர் பெயரைத் தட்டினால் வெற்றுப் பட்டியல் வரும், அதில் பூஜ்யமாவது முடிவைக் (கணினிக் கணக்கில் முதலாவது) கேட்டால் வேறொரு பிழை. அடுத்த படி அட்ரஸ். தேடல் முகவரியில் ‘அட்ரஸ்டீடெய்ல்ஸ்=1’ என்று கேட்காவிட்டால் அந்தப் பெட்டியே வராது. மூன்றாவது படிதான் இப்போது உங்களைக் கவிழ்த்தது.

டார்ட்டில் சதுர அடைப்புக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி, ஒரு படி இல்லையென்றால் மாற்றுக்கு ‘??’. சிட்டி ?? டவுன் ?? வில்லேஜ் ?? ஹேம்லட், எதுவும் இல்லையென்றால் வாடிக்கையாளர் தட்டிய பெயரே இருக்கட்டும். இதை ஒரே ஒரு செயற்கூற்றில் எழுதுங்கள். பில் போடும் திரையில் ஒரு தடவை, வரைபடத் திரையில் ஒரு தடவை என்று ‘அட்ரஸ் → டவுன்’ சிதறிக் கிடக்கக் கூடாது. தேடல் முடிவு அடுத்தவர் வீட்டுச் சாமான், நாளைக்கு இடம் மாற்றி வைப்பார்கள். வாசலிலேயே வேண்டியதை எடுத்து ‘ஊர், வட்டம், மாவட்டம், பின்கோடு, அட்சரேகை, தீர்க்கரேகை’ என்று உங்கள் நிரலின் சொந்த வகுப்பில் (கிளாஸ்) போட்டுக்கொண்டால், மற்ற திரைகளுக்கு நாமினாட்டிம் என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை. சத்துவாச்சாரி மாதிரி மாநகராட்சிக்குள் வந்துவிட்ட இடங்களுக்கு சப்அர்ப்பும் (நகரின் உட்பகுதி) சிட்டியும் சேர்ந்தே வரலாம். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், வண்டி ஓட்டுகிற பையனுக்குச் சத்துவாச்சாரிதான் தேவை.

சிலர் மொத்தத்தையும் பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச்சில் சுற்றிவிட்டு, பிழை வந்தால் வெற்றிடம் காட்டுவார்கள். ஆப் விழாது, உண்மைதான். சேலையும் போய்ச் சேராது.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. ஏன் முதல் முடிவு? திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரிப் பக்கம் இன்னோர் ஆரணி பேரூராட்சி இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் இன்னொரு திருப்பத்தூர். வாலாஜாபேட்டை ராணிப்பேட்டை மாவட்டம், வாலாஜாபாத் காஞ்சிபுரம் மாவட்டம். ‘கன்ட்ரிகோட்ஸ்=இன்’ என்று நாட்டைக் கட்டுங்கள், ‘வியூபாக்ஸ்’ (வரைபடத்தில் ஒரு கட்டம்) கொடுத்து நம் பக்கத்துக்கு முன்னுரிமை கேளுங்கள். அதன் பிறகும் ஒன்றுக்கு மேல் வந்தால் மாவட்டத்தோடு பட்டியலாகக் காட்டி வாடிக்கையாளரையே தொடச் சொல்லுங்கள்.

இன்னொன்று: ஒவ்வோர் எழுத்துக்கும் தேடலை ஓட்டாதீர்கள். பொதுவான நாமினாட்டிம் சேவையின் விதிப்படி நொடிக்கு ஒரு கோரிக்கைதான் உச்சம். தட்டத் தட்டப் பரிந்துரைப்பது அங்கே தடை. ‘தேடு’ என்று ஒரு பொத்தான் வையுங்கள், கேட்பது யார் என்று சொல்லும் யூசர்-ஏஜென்ட்டில் உங்கள் ஆப் பெயரைப் போடுங்கள், வரைபடத்தின் ஓரத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு நன்றி போடுங்கள்.

கேள்வி: மாவட்டத்தை எடுக்க ‘டிஸ்பிளே நேம்’ வரியைக் கமாவில் வெட்டி, கடைசியிலிருந்து நான்காவது துண்டை எடுக்கிறேன். பாதி ஊருக்குச் சரி, பாதி ஊருக்கு வட்டத்தின் பெயர் வருகிறது. பின்கோடு முதல் மூன்று எண்ணை வைத்து மாவட்டத்தைக் கண்டுபிடித்துவிடலாமா?
– வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: இரண்டும் வேண்டாம். அந்த வரி மனிதர்கள் படிப்பதற்கு. பின்கோடு பதிவாகாத இடத்தில் அந்தத் துண்டே வராது, உங்கள் ‘நான்காவது’ ஒரு படி நகர்ந்துவிடும். அட்ரஸ் பெட்டிக்குள் நம் மாவட்டம் பெரும்பாலும் ‘ஸ்டேட்_டிஸ்ட்ரிக்ட்’ சாவியிலும், வட்டம் ‘கவுன்ட்டி’ சாவியிலும் வரும். அங்கிருந்து எடுங்கள்.

பின்கோடு தபால்காரருக்காக 1972இல் வந்தது, தாசில்தாருக்காக அல்ல. வேலூர் 632001, உங்கள் வாலாஜா 632513, ஆரணி 632301: மூன்றும் 632, மூன்றும் இன்று மூன்று மாவட்டம். ஆம்பூரோ 635802, கிருஷ்ணகிரியும் 635தான். நம் பக்கத்தில் மாவட்டம் என்பது நிலையான பொருளே இல்லை. 1989இல் வட ஆற்காடு இரண்டானது, 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. கடைப் பலகைகளில் இன்னமும் ‘வ.ஆ. மாவட்டம்’ பார்க்கிறேன். ஆகவே மாவட்டப் பெயரை ஆப்புக்குள் எழுதி வைத்து ஒப்பிடாதீர்கள், பட்டியலை சர்வரில் வையுங்கள். எந்த மொழியில் பதில் வேண்டும் என்று கேட்கும் ‘அக்செப்ட்-லாங்குவேஜ்’ தமிழாக இருந்தால் சில பெயர் தமிழிலும், தமிழ்ப் பெயர் ஏற்றப்படாத இடங்கள் ஆங்கிலத்திலும் கலந்து வரும். ஒப்பிடுகிறவர்கள் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி: ஷூ அப்பர் தைக்கும் யூனிட்களை வரைபடத்தில் காட்டுகிறேன். ஜேசனை விட்டு ஜியோஜேசனுக்கு (வரைபடத் தரவுக்கான ஜேசன் வடிவம்) மாறியதிலிருந்து எல்லாப் புள்ளியும் ஏதோ பனிப்பிரதேசத்தில் விழுகிறது.
– வாசகர், ஆம்பூர்

பதில்: சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஜியோஜேசனில் ‘ஃபீச்சர்ஸ் → 0 → ஜியாமெட்ரி → கோஆர்டினேட்ஸ்’ என்று போனால் முதலில் வருவது தீர்க்கரேகை, பிறகுதான் அட்சரேகை. 2016இல் வந்த ஆர்எஃப்சி 7946 என்ற இணையத் தர ஆவணம் அப்படித்தான் வைத்திருக்கிறது. ஆம்பூர் ஏறத்தாழ 12.79 வடக்கு, 78.72 கிழக்கு. திருப்பிப் போட்டால் 78.72 வடக்கு, 12.79 கிழக்கு: நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். நம் நாட்டின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரி 2008 முதல் இயங்கும் நி-ஆலசுண்ட் அங்கிருந்து கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் பக்கம்தான். வட ஆற்காட்டின் எந்த ஊரைத் திருப்பினாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் போய் விழும், ஆகவே இனி பனியைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

பழைய ஜேசன் வடிவில் ‘லாட்’, ‘லான்’ இரண்டும் எண்ணாக வராது, மேற்கோள் குறிக்குள் எழுத்தாக வரும், டபுளாக (தசம எண்ணாக) மாற்றித்தான் பயன்படுத்த வேண்டும். ஜியோஜேசனில் எண்ணாகவே வரும். அதேபோல் இடத்தின் எல்லைகளைச் சொல்லும் ‘பவுண்டிங்பாக்ஸ்’ பழைய வடிவில் வரும் வரிசை தெற்கு, வடக்கு, மேற்கு, கிழக்கு. ஜியோஜேசனின் ‘பிபாக்ஸ்’ மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு. முகவரியும் ‘ப்ராப்பர்ட்டீஸ் → அட்ரஸ்’ என்று ஒரு படி உள்ளே போய்விடும். வடிவம் மாறினால் பாதை முழுக்க மாறும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின் மொழியில் எழுதிய ஆப். சில பில்களில் தெரு பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘நல்’ என்று நான்கு ஆங்கில எழுத்து அச்சாகிறது. எங்கள் சர்வர் தரும் தேடல் முடிவு அது. சாவி இருக்கிறது, மதிப்பு இல்லை.
– வாசகர், குடியாத்தம்

பதில்: ஆண்ட்ராய்டோடு வரும் ஜேசன் நூலகத்தின் ‘ஆப்ட்ஸ்ட்ரிங்’ செய்கிற வேலை. சாவியே இல்லையென்றால் வெற்று எழுத்துச்சரம் தரும். சாவி இருந்து மதிப்பு நல் என்றால் அந்தச் சொல்லையே எழுத்தாக்கித் தந்துவிடும். முதலில் ‘இஸ்நல்’ கேட்டுவிட்டு எடுங்கள்.

கேள்வி: ஜேசன்பாத் லைப்ரரி போட்டால் இந்தத் தொல்லையெல்லாம் தீருமா?
– கல்லூரி மாணவி, காட்பாடி

பதில்: ஜேசனுக்குள் வேண்டியதைப் பாதையாக எழுதித் தேடும் முறை ஜேசன்பாத். 2007இல் ஸ்டீஃபன் கோஸ்னர் முன்வைத்த அது 2024 பிப்ரவரியில்தான் ஆர்எஃப்சி 9535 ஆனது. அதற்குள் லைப்ரரிக்கு லைப்ரரி சின்னச் சின்ன வேறுபாடு வந்துவிட்டது. ‘$..டவுன்’ என்று எழுதினால் எந்த ஆழத்தில் இருந்தாலும் எல்லா டவுனையும் அள்ளிக்கொண்டு வரும். இரண்டு ஆரணியும் சேர்ந்து வந்தால் எதை எடுப்பீர்கள்? ஒரே ஓர் இடத்தைச் சுட்டுவதற்கு 2013இன் ஜேசன் பாயின்டர், ஆர்எஃப்சி 6901, எளிது: ‘/0/அட்ரஸ்/டவுன்’. சாவிக்குள்ளேயே சாய்கோடு இருந்தால் ~1 என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். பாதைகளை சர்வரிலிருந்து அனுப்பி, ஆப்பைப் புதுப்பிக்காமலே மாற்ற வேண்டிய நிலையில் இவை உதவும். ஐந்தாறு புலம் எடுக்க நான் சேர்க்க மாட்டேன்.

அதற்குப் பதில் வேலூர், ஆரணி, ஒடுகத்தூர், ஜமுனாமரத்தூர், திருப்பத்தூர், கூடவே இல்லாத ஊர் ஒன்று: இந்த ஆறுக்கும் வந்த ஜேசனை அப்படியே கோப்பாகச் சேமித்து, உங்கள் செயற்கூற்றை அவற்றின் மேல் ஓட்டும் சோதனை எழுதுங்கள். என் வகுப்பில் இது முடியாமல் திரை வடிவமைப்புக்கே விடுவதில்லை.