602-ல் காணாமல் போன பூஜ்யம்

அன்புள்ள டீச்சர்,

தாராவி பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். போன வருடம் ஸ்மார்ட் போர்டு வந்தது. பிள்ளைகள் அசையாமல் பார்க்கிறார்கள், நோட்டைத் திருத்தினால் ஒன்றும் ஏறவில்லை. சாக்பீஸைத் தொட்டால், 'இன்னுமா இது?' என்று மேலே இருப்பவர்கள் கேட்கிறார்கள். நீங்கள் முப்பது வருடம் மும்பையில் கணக்கு எடுத்தவர். நான்தான் காலத்துக்கு ஒவ்வாதவளாகிவிட்டேனா?

எஸ்., ஆண்டாப்ஹில்

அன்புள்ள எஸ்.,

நானும் அந்தப் பலகையோடு மல்லுக்கட்டியவள்தான். பேனாவை ஓரிடத்தில் வைத்தால் கோடு ஒரு அங்குலம் தள்ளி விழும். காலையில் நான்கு மூலையிலும் பெருக்கல் குறியைத் தொட்டுச் சரிசெய்து முடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும். அதெல்லாம் சின்னத் தொல்லை, விடுங்கள்.

4218-ஐ 7-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். விடை 602, மீதி 4. பாதி வகுப்பு 62 என்று எழுதும். பலகையில் ஓடும் படத்தில் அந்தப் பூஜ்யம் ஒரு மணிச் சத்தத்தோடு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகளும் தலையாட்டுவார்கள். நோட்டில் மறுபடி 62.

வருடக்கணக்கில் நான் இதைக் கவனக்குறைவு என்று திட்டித் தீர்த்தேன். 2020-ல் பள்ளிகள் மூடியபோதுதான் புத்தி வந்தது. வீட்டுக்கு ஒரு ஃபோன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பிள்ளைகள் ராத்திரி பத்து மணிக்குத்தான் வாட்ஸப்பில் நோட்டைப் படம் பிடித்து அனுப்புவார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், படத்தோடு ஒரு குரல் பதிவும் அனுப்பினாள். பின்னால் தையல் மிஷின் ஓடுகிறது. தம்பி தூங்குகிறான் போல, கிசுகிசுப்பாகப் பேசுகிறாள்: "நாப்பத்திரண்டுல ஏழு ஆறு தடவ போகும் டீச்சர். அப்புறம் ஒண்ண இறக்குனேன். ஒண்ணுல ஏழு போகாது. அதான் எட்டையும் சேத்து இறக்கிட்டேன்."

அவள் கவனக்குறைவாக இல்லை. 'போகாது' என்றால் எழுத ஒன்றுமில்லை என்று நியாயமாகத்தான் நினைத்திருக்கிறாள். 'போகாது' என்பதையும் ஈவில் ஒரு பூஜ்யமாக எழுத வேண்டும் என்று நான்தான் சொல்லித் தந்திருக்கவில்லை. நோட்டை மட்டும் பார்த்திருந்தால் சிவப்பு மையால் ஒரு தப்புப் போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்திருப்பேன்.

அதனால் கருவி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் நாட்டில் வகுப்பறைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை காட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. 1975-ல் நாசாவின் செயற்கைக்கோளைக் கடன் வாங்கி ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி காட்டினோம். கிராமத்துப் பிள்ளைகள் அதற்கு முன் பார்த்திராததைப் பார்த்தார்கள், அது பெரிய காரியம்தான். 2004-ல் கல்விக்கென்றே எடுசாட் என்ற செயற்கைக்கோள் மேலே போனது. இப்போது உங்கள் பலகை. எல்லாவற்றிலும் பெரும்பாலும் பேச்சு அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. அந்த ஓட்டை ஃபோனில்தான் முதல்முறையாகப் பிள்ளை பேசி நான் கேட்டேன். (செயற்கை நுண்ணறிவு பற்றியும் இப்போது நிறையப் பேர் எழுதிக் கேட்கிறார்கள். எதைக் காட்டினாலும் முதலில் அது யாரைப் பேசவிடுகிறது என்று பார்ப்பேன், அவ்வளவுதான்.)

கரும்பலகையை நான் விடாததற்குக் காரணமும் பழம்பாசம் இல்லை. சாக்பீஸ் மெதுவாகப் போகும். எழுதிக்கொண்டே நின்று, 'அடுத்து என்ன?' என்று திரும்பிப் பார்க்கலாம். தப்பாக எழுதி, அழித்து, அழித்த தடம் தெரிய மறுபடி எழுதலாம்.

மேலே இருப்பவர்களோடு சண்டை போடாதீர்கள். ஸ்மார்ட் போர்டையே போடுங்கள். 1-ஐ இறக்கியதும் படத்தை நிறுத்திவிட்டு, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, அடுத்து என்ன செய்வாய் என்று கேளுங்கள். எட்டையும் இறக்குவேன் என்று சொன்னால் உடனே திருத்திவிடாதீர்கள். ஏன் என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். அவர்கள் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.