இலவசப் புத்தகத்துக்கு டெபிட் கார்டு எதற்கு?

கேள்வி: ஓய்வு பெற்றபின் கல்கியின் நாவல்களை மறுபடி படிக்கலாமே என்று கைப்பேசியில் தேடினேன். ‘முற்றிலும் இலவசம்’ என்று போட்டிருந்த ஒரு தளம், வெறும் சரிபார்ப்புக்காக என்று சொல்லி டெபிட் கார்டு எண்ணையும் ஓடிபியையும் கேட்டது, நானும் கொடுத்துவிட்டேன். புத்தகம் வரவில்லை, அடுத்த மாதம் கணக்கிலிருந்து 499 ரூபாய் போயிற்று. இலவசமாகப் படிக்க நம்பகமான இடம் எதுவுமே இல்லையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் பணத்தைக் கவனியுங்கள். அந்த ஓடிபியைக் கொடுத்தபோதே, மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ளும் ‘ஆட்டோபே’ அனுமதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள் என்றே தோன்றுகிறது. வங்கியிடம் சொல்லி அந்த அனுமதியை ரத்து செய்து, கார்டையும் முடக்கிப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். மோசடி என்று கருதினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும், சேவைக் குறைபாடு என்ற அளவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் அளிக்கலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

இனி, புத்தகம். ஒரு நூல் இலவசமாகக் கிடைக்கிறது என்றால், ஏன் இலவசம் என்ற காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். கல்கி 1954 டிசம்பரில் காலமானார் என்பதால் அவர் எழுத்துக்கான கெடு 2014-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. அதற்கு முன்பே தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியும் விட்டது. ஆக, எவருக்கும் பொதுவாகிவிட்ட ஒன்றைக் காட்டித்தான் உங்களிடம் கார்டு எண் வாங்கியிருக்கிறார்கள். (கதைக்கு வரைந்த ஓவியங்களுக்கும் பின்னாளைய பதிப்பின் முன்னுரைக்கும் உரிமை தனி, அது வேறு கணக்கு.)

நீங்கள் தேடும் நாவல்கள் மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளத்தில் இருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய இம்முயற்சியில், உலகின் பல மூலைகளிலுள்ள தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பதிவு கூடக் கேட்பதில்லை. பழைய அச்சுப் பதிப்புகளையே பக்கம் பக்கமாகப் பார்க்க விரும்பினால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும், 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற இணையத் திட்டத்தை விஞ்ச வேறொன்று இல்லை. இன்றைய எழுத்தாளர்கள் தாமே விரும்பி, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது யாரும் பகிரலாம் என்ற அனுமதியோடு, கொடுத்தவை ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் கிடைக்கும். இவை எதிலும் கார்டு எண்ணுக்கு வேலையே இல்லை.

வாழும் எழுத்தாளரின் நாவலை டெலிகிராம் குழுவில் யாரோ பிடிஎஃப் ஆக அனுப்பினால், அங்கே காரணம் தெரியாது. இருப்பது திருட்டுப் பிரதி மட்டுமே. அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: இறக்கிய பிடிஎஃப் கைப்பேசியில் எறும்பு ஊர்வதுபோல் தெரிகிறது. அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் ‘₹0’ என்று இருப்பவற்றை எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், சேலம்

பதில்: ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பது பக்கத்தின் படம், பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போகும், விரலால் இடமும் வலமும் இழுத்தே சலித்துப் போவீர்கள். இபப் வடிவமாக இருந்தால் எழுத்தைப் பெரிதாக்க வரிகள் தாமே மடிந்துகொள்ளும். அது கிடைக்குமிடத்தில் அதையே எடுங்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஆறு அங்குலத் திரைக்கென்றே தனி பிடிஎஃப் கூட உண்டு. கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்தால் அது புத்தகமே அன்று, செயலி, திறக்காமல் அழித்துவிடுங்கள்.

கிண்டிலில் இரண்டு விதமான பூஜ்யம் இருக்கிறது. நூலின் விலையே ₹0 என்றிருந்தால் அது உண்மையான இலவசம். அதன் அருகில் ‘கிண்டில் அன்லிமிடெட்’ என்ற சொல் இருந்தால், மாதச் சந்தா கட்டுவோருக்கு மட்டுமே பூஜ்யம் என்று பொருள். இலவசச் சோதனைக் காலம் என்று சேர்ந்தால், அது முடியும் தேதியை அன்றே நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, வேண்டாமென்றால் அதற்கு முன் ரத்து செய்துவிடுங்கள்.