ஹகாட்டா: சீன வணிகர் குடியேறிய ஜப்பானியத் துறைமுகம் – கேள்வி பதில்

ஜப்பானின் கியூஷு தீவின் வடகரையில், இன்றைய ஃபுகுவோகா நகருக்குள் அடங்கிவிட்ட பழைய துறைமுகம் ஹகாட்டா. அதன் இடைக்கால வரலாறு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஜப்பான் வெளிநாட்டாருக்குக் கதவை அடைத்த நாடு என்றுதான் பள்ளியில் படித்தோம். அப்படியிருக்க, ஹகாட்டாவில் அந்நியர் எப்படிக் குடியேறினார்கள்? (ஒரு பள்ளி ஆசிரியை, திருநெல்வேலி)

நீங்கள் படித்தது 1630களுக்குப் பிந்தைய ஜப்பான். அதற்கு முந்தைய ஐந்நூறு ஆண்டுகளின் கதை வேறு. முதலில் வரைபடத்தைப் பாருங்கள். ஹகாட்டாவிலிருந்து கொரியாவின் பூசான் சுமார் 200 கிலோமீட்டர். ஜப்பானின் சொந்தத் தலைநகரான கியோட்டோ அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தொலைவு. நடுவில் இக்கி, சுஷிமா என்ற தீவுகள் இருப்பதால், கரையை அதிக நேரம் கண்ணிலிருந்து இழக்காமலே கடலைக் கடக்கலாம்.

முற்காலத்தில் வணிகம் அரசின் கைப்பிடியில் இருந்தது. வெளிநாட்டுத் தூதர்களையும் வணிகர்களையும் கோரோகான் என்ற அரசு விருந்தினர் மாளிகையில் தங்கவைப்பார்கள். அருகிலிருந்த தஸைஃபு என்ற அரசு அலுவலகம் முதலில் வேண்டியதை எடுத்துக்கொள்ளும், மீதிதான் மற்றவர்களுக்கு. 11ஆம் நூற்றாண்டில் அந்த மாளிகை மறைந்தது. சீன வணிகர்கள் பக்கத்திலேயே, ஹகாட்டாவின் மணல் திட்டில் வீடு கட்டிக் குடியேறினார்கள். ஹகாட்டாவின் உண்மையான வரலாறு இங்கேதான் தொடங்குகிறது என்பேன். விருந்தினராக வந்தவர்கள் ஊர்க்காரர்களாக மாறிய இடம் இது.

கேள்வி: அவர்கள் உண்மையிலேயே அங்கே வாழ்ந்தார்களா, அல்லது காற்று மாறும்வரை காத்திருந்து திரும்பிவிட்டார்களா? (தூத்துக்குடி வாசகர்)

வாழ்ந்தார்கள். சான்று இரண்டு கரைகளிலும் இருக்கிறது. சீனாவின் நிங்போ நகரில் 1167ஆம் ஆண்டின் கல்வெட்டுகள் மூன்று உள்ளன. கோயில் பாதைக்குக் கல் பதிக்க ஆளுக்குப் பத்துக் கட்டு காசு கொடுத்தவர்களை அவை பதிவு செய்கின்றன. கொடுத்தவர்கள் சீனர்களே. ஆனால் அவர்களில் ஒருவரான திங் யுவான் தம்மை ‘ஜப்பான் நாட்டுத் தஸைஃபுவின் ஹகாட்டா துறையில் வசிப்பவர்’ என்று குறிப்பிடுகிறார். பிறந்த நாட்டுக் கோயிலுக்குக் கொடை அளிக்கும்போதும், முகவரியாக ஹகாட்டாவைப் பொறித்த இந்த வரி எனக்கு மிகப் பிடித்தமானது.

ஜப்பானியக் கரையில் கிடைக்கும் சான்று அவ்வளவு இனிமையானதல்ல. 1151இல் தஸைஃபு அதிகாரிகள் ஐந்நூறு குதிரை வீரர்களோடு ஹகாட்டாவிலும் பக்கத்து ஊரான ஹகோஸாகியிலும் புகுந்து, 1,600 வீடுகளின் சொத்தைப் பறித்தார்கள். அந்த வரிசையில் முதலில் சொல்லப்படுவது வாங் ஷெங் என்ற சீனரின் கைம்பெண்ணுடைய வீடு. கணவன் இறந்த பிறகும் அந்தப் பெண் அங்கே வீடு வாசலோடு இருந்திருக்கிறாள், கொள்ளையடிக்கத் தக்க செல்வமும் அவளிடம் இருந்திருக்கிறது.

திருமண உறவுகளும் உண்டு. ஹகாட்டாவுக்குச் சற்றுக் கிழக்கே உள்ள முனகாட்டா கோயிலின் தலைமைக் குடும்பத்தில் வாங், ஜாங் என்ற சீனக் குடும்பங்களின் பெண்கள் மருமகள்களாக வந்தார்கள்.

கேள்வி: என்ன வாங்கினார்கள், என்ன விற்றார்கள்? (சென்னை, வணிகவியல் மாணவர்)

ஜப்பான் அனுப்பியவற்றில் கந்தகத்துக்கு முதலிடம் கொடுப்பேன். வெடிமருந்துக்குக் கந்தகம் வேண்டும். அப்போது சீனாவை ஆண்ட சொங் அரசின் எல்லைக்குள் எரிமலைகள் இல்லை, ஜப்பானில் அவற்றுக்குக் குறைவே இல்லை. 1084இல் சொங் அரசு 5 லட்சம் ஜின், அதாவது சுமார் 300 டன் கந்தகத்தை ஜப்பானிலிருந்து வாங்கிவர வணிகர்களை ஏவியது. இதோடு பொன், மரம், பிற்காலத்தில் வாள்கள்.

வந்தவை: பட்டு, பீங்கான், மருந்து, நறுமணப் பொருள்கள், நூல்கள். எல்லாவற்றையும்விடச் செப்புக் காசு. ஜப்பானிய அரசு 10ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே காசு அடிப்பதை நிறுத்திவிட்டது. அதனால் சீனக் காசுதான் ஜப்பானியச் சந்தைகளில் புழங்கியது.

கேள்வி: ஜென் பௌத்தம் இந்தத் துறைமுகம் வழியாகத்தான் வந்தது என்கிறார்கள். சரியா? (புதுச்சேரி வாசகர்)

பெரும்பகுதி சரி. சீனாவில் பயின்று திரும்பிய எய்சாய் 1195இல் ஹகாட்டாவில் ஷோஃபுகுஜியை நிறுவினார். ஜப்பானின் முதல் ஜென் கோயில் என்று அதைச் சொல்வது மரபு. ஆனால் நான் அதிகம் பேச விரும்புவது 1242இல் எழுந்த ஜோதென்ஜி பற்றி. அதை நிறுவிய துறவி என்னி. பணம் கொடுத்தவர் ஷியே குவோமிங் என்ற சீனக் கப்பல் வணிகர். சிறிது காலத்தில் சீனாவில் என்னியின் குரு இருந்த ஜிங்ஷான் மடம் தீயில் எரிந்தது. ஹகாட்டாவிலிருந்து ஆயிரம் மரப் பலகைகள் கடல் கடந்து போயின. குரு நன்றி தெரிவித்து எழுதிய கடிதம் இன்றும் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மடத்தையும் வணிகத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் ஹகாட்டா புரியவே புரியாது. கப்பல் இல்லாமல் துறவி சீனாவுக்குப் போக முடியாது. துறவியின் செல்வாக்கு இல்லாமல் வணிகருக்குக் கியோட்டோவின் பெரிய மனிதர்கள் கிடைக்க மாட்டார்கள்.

கேள்வி: மங்கோலியப் படையெடுப்போடு இதெல்லாம் முடிந்துபோயிருக்குமே? (ஓய்வுபெற்ற கடற்படை வீரர், விசாகப்பட்டினம்)

நானும் பலரிடம் கேட்கும் அனுமானம் இது. அப்படி நடக்கவில்லை.

1274இல், சொங் நாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் படை ஹகாட்டா விரிகுடாவில் இறங்கியது. ஊரும் ஹகோஸாகி கோயிலும் எரிந்தன. 1276இல் கியூஷுவின் போர்வீரர்கள் விரிகுடாவை ஒட்டி ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்மதில் எழுப்பினார்கள். 1281இல் வந்த இரண்டாம் படையைப் புயல் சிதைத்தது. இவ்வளவும் பலருக்குத் தெரியும். ஆனால் இரண்டு படையெடுப்புகளுக்கும் இடையில், 1279இல், இரண்டாயிரம் பேரோடு நான்கு ஜப்பானிய வணிகக் கப்பல்கள் நிங்போவுக்குப் போய் வணிகம் செய்தன. போருக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த குப்ளாயின் அரசே அதற்கு இடம் கொடுத்தது.

குப்ளாய் நிறுவிய யுவான் அரசமரபின் வரலாற்று நூல் இன்னொன்றையும் சொல்கிறது. 1281இல் சிறைப்பட்டவர்களில் மங்கோலியரையும் கொரியரையும் வடசீனரையும் ஜப்பானியர் கொன்றார்கள். தென்சீனரை மட்டும் கொல்லாமல் அடிமைகளாக வைத்துக்கொண்டார்கள். கொடுமைதான், ஐயமில்லை. ஆனால் அந்தக் கொடுமையின் நடுவிலும் இவர்கள் பழைய சொங் நாட்டு மக்கள் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு நூற்றாண்டுப் பழக்கம் இல்லாமல் அந்தப் பிரிப்பு வந்திருக்காது என்பது என் கருத்து.

கேள்வி: கடலடியில் கிடைத்த கப்பல் பற்றிச் சொல்லுங்கள். (யாழ்ப்பாணம் வாசகர்)

கொரியாவின் தென்மேற்கே சினான் கடற்பகுதியில் 1975இல் ஒரு மீனவரின் வலையில் பீங்கான் சிக்கியது. அடுத்த ஆண்டு தொடங்கி 1984 வரை நடந்த அகழாய்வில் 20,000க்கு மேற்பட்ட பீங்கான் பொருள்களும், 28 டன் காசுகளும் வெளிவந்தன. ஏறத்தாழ 80 லட்சம் காசுகள்! 1323இல் நிங்போவிலிருந்து ஹகாட்டா நோக்கிப் புறப்பட்ட கப்பல் அது. சரக்கில் கட்டிய மரச் சீட்டுகளில் உரிமையாளர் பெயர்கள் இருந்தன. கியோட்டோவின் தோஃபுகுஜி, ஹகாட்டாவின் ஹகோஸாகி கோயில், ஜோதென்ஜியைச் சேர்ந்த ஒரு சிறு மடம். தோஃபுகுஜி 1319இல் தீக்கிரையானது; அதை மறுபடி கட்டப் பணம் சேர்க்கவே இந்தச் சரக்கு என்று கருதுகிறார்கள். அதை முதலில் நிறுவியவர் மேலே சொன்ன அதே என்னி. மங்கோலியர் எரித்த துறைமுகம் ஐம்பது ஆண்டுகளுக்குள் மங்கோலியரின் சீனாவிலிருந்தே கோயில்களுக்குச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது.

கேள்வி: தமிழ் வணிகர்கள் அங்கே போனார்களா? (கும்பகோணம் வாசகர்)

ஹகாட்டாவுக்கே போனதாக எனக்குத் தெரிந்து சான்று இல்லை. தொடர்பு சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் இருக்கிறது. அங்கே சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவபெருமானை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு 1281 சித்திரையைச் சேர்ந்தது. ஜப்பான் மீதான இரண்டாம் படையெடுப்பு நடந்த ஆண்டும் அதுவே. அந்தப் படைக்குக் கப்பல் கட்டித்தரும் சுமை சுவான்சோ மீதும் விழுந்திருந்தது. ஆகவே சுவான்சோவின் தமிழர்கள் அந்தப் போரைக் கேள்விப்படாமல் இருந்திருக்க முடியாது.

கேள்வி: பிற்காலத்தில் ஹகாட்டாவை ஆண்டவர் யார்? (மதுரை வாசகர்)

ஷோனி, ஓதோமோ, ஓஉச்சி என்ற போர்வீரக் குடும்பங்கள் மாறி மாறிப் பங்கு போட்டன. ஆனால் காரியம் நடத்தியவர்கள் வணிகர்களே. 1401இல் சீனாவின் மிங் அரசுக்கு முன்னாள் ஷோகுன் (ராணுவ ஆட்சியாளர்) யோஷிமிட்சு அனுப்பிய தூதுக்குழுவில் கொய்ட்சுமி என்ற ஹகாட்டா வணிகர் இடம்பெற்றார். கொரிய அறிஞர் ஷின் சுக்ஜு 1471இல் எழுதும்போது, ஹகாட்டாவில் பத்தாயிரத்துக்கு மேல் வீடுகள், ரியூக்கியூவிலிருந்தும் (இன்றைய ஒகினாவா) தென்கடலிலிருந்தும் கப்பல்கள் கூடும் இடம் என்கிறார். 1533இல் கமியா ஜுதெய் என்ற ஹகாட்டா வணிகர், ஈயத்தோடு உருக்கி வெள்ளியைப் பிரிக்கும் முறையை ஜப்பானின் இவாமி வெள்ளிச் சுரங்கத்துக்குக் கொண்டுசேர்த்தார். அதன்பின் ஜப்பானிய வெள்ளி ஆசியா முழுவதும் ஓடியது.

கேள்வி: அப்படியென்றால் ஏன் மங்கியது? (அதே வாசகர்)

16ஆம் நூற்றாண்டுப் போர்களில் ஊர் திரும்பத் திரும்ப எரிந்தது. 1587இல், ஜப்பானை ஒரே ஆட்சியின்கீழ் கொண்டுவந்த ஹிதெயோஷி தெருக்களை வகுத்து மறுபடி கட்டவைத்தார். ஆனால் அடுத்து வந்த தோகுகாவா அரசு 1641க்குள் சீன, டச்சு வணிகத்தை நாகசாகிக்கும், கொரிய வணிகத்தைச் சுஷிமாவுக்கும் ஒதுக்கிவிட்டது. கொரியாவுக்குக் கள்ளத்தனமாக ஆயுதம் அனுப்பியதற்காக இதோ கொஸாயெமோன் என்ற ஹகாட்டாப் பெருவணிகர் 1667இல் தண்டிக்கப்பட்டு உயிரிழந்தார். முன்னோர்கள் வெளிப்படையாகப் போய்வந்த அதே கடல்வழி!

கேள்வி: அடுத்த ஆண்டு ஃபுகுவோகா போகிறேன். எதைப் பார்ப்பது? (பெங்களூரு வாசகி)

கியோன் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்குங்கள். ஷோஃபுகுஜி, ஜோதென்ஜி இரண்டுக்கும் நடந்தே போகலாம். போரில் எரிந்த ஓடுகளையும் கற்களையும் சேர்த்துக் கட்டிய ஹகாட்டா மதிலை ஷோஃபுகுஜியில் பாருங்கள். கோரோகான் அகழாய்வுக் கூடம் ஃபுகுவோகா கோட்டை வளாகத்தில் இருக்கிறது. 1987இல் பேஸ்பால் மைதானத்தைப் பழுதுபார்க்கத் தோண்டியபோதுதான் அது வெளிப்பட்டது. ஒரு நாள் கூடுதலாக இருந்தால், 1276இன் கல்மதிலுக்கு இமாசு போங்கள். நகரத்துக்குள் எஞ்சிய துண்டுகளைவிட அங்கே நன்றாகத் தெரியும்.