டிசி காமிக்ஸின் வேகக்கார ஹீரோ ஃப்ளாஷ், ஒளிவேகத்தை நெருங்கி ஓடிவந்து விடுகிற 'இன்ஃபினிட் மாஸ் பஞ்ச்' என்ற குத்து உண்மையில் எவ்வளவு பலமானது? சூப்பர்மேனைச் சாய்க்குமா?

ரசிகர்கள் சொல்கிற அளவுக்கு இல்லை. காமிக்ஸின் வசனப் பெட்டிக்குள் எழுதியிருக்கிற அளவுக்கும் இல்லை. ஆனால் சூப்பர்மேனைக் கொஞ்ச நேரம் படுக்கவைக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த அடி பிரபலமானது 1997இல் வந்த ஜேஎல்ஏ (ஜஸ்டிஸ் லீக் என்ற சூப்பர்ஹீரோ அணியின் காமிக்ஸ்) 3ஆம் இதழில். எழுதியவர் கிராண்ட் மாரிசன், வரைந்தவர் ஹோவர்ட் போர்ட்டர். ஹைப்பர்கிளான் என்றொரு கூட்டம், உலகத்தைக் காப்பாற்ற வந்த உத்தமர்கள் என்ற வேஷத்தில் வந்து இறங்குகிறது. உள்ளே பார்த்தால் எல்லாரும் வெள்ளை செவ்வாய்வாசிகள். அதில் ஸூம் என்பவன் வேகக்காரன். வாலி வெஸ்ட், அதாவது மூன்றாவது ஃப்ளாஷ், ஒளிவேகத்தை நெருங்கி ஓடுகிறான். வேகம் கூடக்கூட நிறையும் கூடும் என்ற ஐன்ஸ்டைன் பாடத்தை வாசகருக்கு நடத்திக்கொண்டே வந்து, ஒரு வெள்ளைக் குள்ள விண்மீன் மோதியது போல ஸூம் முகத்தில் ஒரு குத்து விடுகிறான். இத்தனை ஆண்டுகளாக ரசிகர்கள் அடித்துக்கொள்வது இந்த வெள்ளைக் குள்ளன் சமாச்சாரத்துக்காகத்தான்.

அதை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? வெள்ளைக் குள்ளன் என்பது பூமி அளவே இருக்கும், ஆனால் சூரியனின் நிறையில் பாதிக்கு மேல் அதற்குள் அடங்கியிருக்கும். 80 கிலோ ஆள் ஒருவன் வேகத்தினால் மட்டுமே அந்த நிறைக்குச் சமமாக வேண்டுமென்றால், அவனிடம் இருக்க வேண்டிய ஆற்றல் பூமியைத் தூள் தூளாக்கி, தூள்கள் திரும்ப ஒன்றுசேராதபடி சிதறடிக்கத் தேவையானதைப் போல ஏறத்தாழ 5 கோடி கோடி மடங்கு. ஒரு வெள்ளைக் குள்ளனே வெடித்து சூப்பர்நோவா ஆகும்போது வெளிவருவதைவிட இது பல நூறு மடங்கு அதிகம். அவ்வளவும் ஒருவன் தாடையில் இறங்கிய பிறகு, அடுத்த பக்கத்தில் வானம் நீலமாக இருக்கிறது, மற்றவர்கள் சண்டையைத் தொடர்கிறார்கள். ஆக, அந்த வரி வாலியின் வாய்ச்சவடால். மாரிசன் அதை ரசித்து எழுதியிருக்கிறார், நாமும் ரசிக்கலாம். அளவுகோலாக வைக்க முடியாது.

சரி, விண்மீனை விடுங்கள். ஒளிவேகத்தில் 99 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே 80 கிலோ ஆளுக்கு இயக்க ஆற்றல் சுமார் 10,000 மெகாடன் வருகிறது (ஒரு மெகாடன் என்பது பத்து லட்சம் டன் டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றல்). சோவியத் யூனியன் 1961இல் வெடித்துப் பார்த்த ஸார் பாம்பா என்ற ஹைட்ரஜன் குண்டு 50 மெகாடன். அதைப்போல 200 குண்டுகள். கேட்க பயங்கரம்தான். ஆனால் டைனோசர்களுக்கு முடிவு கட்டிய விண்கல்லுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 10 கோடி மெகாடன் கணக்கோடு ஒப்பிட்டால் இது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 'கிரகத்தையே உடைக்கும்' என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

இந்த வகைக் கணக்குகளில் எனக்குள்ள பெரிய குறையே வேறு. ஆற்றலைக் கணக்கிட மட்டும் ஐன்ஸ்டைனைக் கூப்பிடுகிறார்கள். மற்றதற்கெல்லாம் அவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நொடிக்கு 7.9 கி.மீ. வேகத்தைத் தாண்டினாலே ஓடுகிறவனின் கால் தரையில் பாவாது, பூமியின் வளைவை விட்டு மேலே கிளம்பிவிடுவான். ஒளிவேகத்தை நெருங்கினால் எதிரில் இருக்கும் காற்றின் அணுக்கள் விலக நேரமில்லாமல் அவன் உடம்போடு மோதி அணுக்கரு வினையே நடக்கும். குத்து விழுவதற்கு முன்பே ஊர் காலி. இதெல்லாம் ஏன் நடப்பதில்லை? ஸ்பீட் ஃபோர்ஸ். 1990களில் ஃப்ளாஷ் கதைகளை எழுதிய மார்க் வெய்ட் கொண்டுவந்த சங்கதி. வேகமும் அங்கிருந்துதான் வருகிறது, காற்றிலும் அதிர்ச்சியிலும் இருந்து ஃப்ளாஷைக் காப்பாற்றுவதும் அதுதான். நல்லது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஓடும்போது இயற்பியலை ஒதுக்கி வைக்கும் அதே ஸ்பீட் ஃபோர்ஸ், கை எதிராளியின் முகத்தில் பட்ட நொடியில் மட்டும் மரியாதையாக விலகி நின்று முழு ஆற்றலையும் இறக்கிவிடும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கணக்குக்கு ஒரு சட்டம், விளைவுக்கு ஒரு சட்டமா?

அதனால் நான் பார்ப்பது அடி வாங்கியவனையும் அவன் நின்ற தரையையும்தான். அப்படிப் பார்த்தால் காமிக்ஸைவிட நமக்கு உதவுவது 2005இல் ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட் கார்ட்டூனில் வந்த சண்டை. சூப்பர்மேனின் பரம எதிரிகளான லெக்ஸ் லூதரும் பிரெய்னியாக் என்ற இயந்திர வில்லனும் ஒன்றாகக் கலந்து நிற்கிறார்கள், மற்ற எல்லாரும் விழுந்துவிட்டார்கள். ஃப்ளாஷ் எதிர்த்திசையில் ஓடுகிறான். பயந்து ஓடிவிட்டான் என்று நினைக்கும்போது உலகத்தைச் சுற்றி வந்து பின்னாலிருந்து ஓர் அடி. மறுபடி ஒரு சுற்று, மறுபடி ஓர் அடி. ஒவ்வொரு சுற்றுக்கும் பிரெய்னியாக்கின் கவசம் பிய்ந்துகொண்டே வருகிறது.

பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. சொச்சம். ஒரு நொடிக்கு ஒரு சுற்று என்று தாராளமாக வைத்தாலும் ஒளிவேகத்தில் 13 சதவீதம்தான். ஆற்றல் 15 மெகாடன் சொச்சம், ஹிரோஷிமா குண்டு போல ஆயிரம். ஒரே அடியில் இறக்காமல் திரும்பத் திரும்ப வந்து அடிக்கிறான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், திரையில் தெரிகிற சேதத்துக்கு இந்த எண்ணே அதிகம். ஆனாலும் நான் நம்பத் தயாராக இருக்கிற எண் இதுதான். அதற்கும் விலை உண்டு: சண்டை முடிந்ததும் ஃப்ளாஷ் ஸ்பீட் ஃபோர்ஸுக்குள் கரைந்து போகிறான், நண்பர்கள் கையைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவருகிறார்கள். நினைத்தபோதெல்லாம் எடுத்துவிடுகிற ஆயுதம் இல்லை இது.

இந்த இடத்தில் யாராவது சோங்ஜினைக் கொண்டுவருவார்கள். வட கொரியாவின் அந்த நகரத்தில் அணுகுண்டு வெடித்துப் பரவும் இடைவெளியில் ஃப்ளாஷ் 5 இலட்சம் பேரைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சேர்க்கிறான், ஒளியைவிடக் கோடிக்கணக்கான மடங்கு வேகம் என்பார்கள். ஆமாம், அந்தக் கதை இருக்கிறது. ஆனால் அதில் யாரும் யாரையும் குத்தவில்லை. தூக்கிச் சென்ற ஒருவருக்குக்கூட எலும்பு முறியவில்லை. வேகம் வேறு, அடியின் பலம் வேறு என்பதற்கு அதுவே சாட்சி, எனக்குத்தான் உதவுகிறது.

போகிறபோக்கில் ஒன்று. செவ்வாய்வாசிகளுக்கு நெருப்பு ஆகாது. அதே ஹைப்பர்கிளான் கதையில் பேட்மேன் இதைக் கண்டுபிடித்து, பெட்ரோலும் ஒரு தீக்குச்சியும் வைத்துக்கொண்டு இவர்களை மண்டியிட வைக்கிறான். அதனால் ஸூம் விழுந்ததை வைத்து அந்தக் குத்துக்கு விண்மீன் பட்டம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சூப்பர்மேன்? முதல் அடி கட்டாயம் படும், நன்றாகவும் படும். ஒதுங்கவோ தாங்கிக்கொள்ளத் தயாராகவோ அவருக்கு நேரமே இருக்காது. ஃப்ளாஷின் பலம் மெகாடனில் இல்லை, எதிராளிக்கு இமைக்கக்கூட அவகாசம் தராததில் இருக்கிறது. ஆனால் எழுந்த பிறகு சூப்பர்மேன் தரையில் நின்று இரண்டாவது குத்துக்குக் காத்திருக்க மாட்டார், பறந்து மேலே போய்விடுவார். ஃப்ளாஷுக்கு ஓடத் தரை வேண்டும்.