ஹீட்டரில் லைட் எரிகிறது, அரை மணி நேரம் ஆகியும் தண்ணீர் சுடவில்லை. எலிமெண்ட்டைத்தான், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் கம்பியைத்தான் மாற்ற வேண்டுமா?

வேண்டியிருக்கலாம். ஆனால் கடைக்குப் போகும் முன் ஹீட்டர் கரண்ட் இழுக்கிறதா என்று பாருங்கள். பழுது எந்தப் பக்கம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். இங்கே சொல்வது 15, 25 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டருக்கு, 2000 வாட் எலிமெண்ட்டுக்கு. கேஸ் கீசர் சங்கதி வேறு.

டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி கரண்ட்டை அளக்கும் மீட்டர்) இருந்தால் ஒற்றை வயரில் மாட்டிப் பாருங்கள், 8.7 ஆம்பியர் பக்கம் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஈ.பி. மீட்டர் போதும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் போடுங்கள். மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 இம்பல்ஸ் என்று எழுதியிருந்தால், சிவப்பு விளக்கு 10 விநாடியில் சுமார் 18 முறை சிமிட்ட வேண்டும்.

சிமிட்டவே இல்லையா? எரிவது எந்த லைட் என்று கவனியுங்கள். சில மாடல்களில் சப்ளை வந்தாலே ஒரு லைட் எரியும், சூடாகும்போது இன்னொன்று எரியும். சூட்டு லைட் எரிந்தும் கரண்ட் இழுக்கவில்லை என்றால் எலிமெண்ட் காயில் அறுந்திருக்கும், அல்லது அதன் முனையில் வயர் கருகியிருக்கும். சப்ளை லைட் மட்டும் எரிந்தால் தெர்மோஸ்டாட் (வைத்த சூடு வந்ததும் அணைப்பது) அல்லது கட்-அவுட்டை (சூடு எல்லை மீறினால் கரண்ட்டைத் துண்டிப்பது) சந்தேகப்படுங்கள்.

மூடியைக் கழற்றும் முன் மெயின் போர்டில் ஹீட்டருக்கான எம்.சி.பி.யை (ட்ரிப் சுவிட்சை) இறக்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. வயரிங்கில் சுவிட்சை நியூட்ரலில் போட்டிருந்தால், அணைத்த பிறகும் உள்ளே ஃபேஸ் (ஷாக் அடிக்கும் வயர்) உயிரோடு இருக்கும். எலிமெண்ட்டின் ஒரு வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 2000 வாட்டுக்கு ஏறக்குறைய 26 ஓம், 3000 வாட்டுக்கு 17 அல்லது 18. ஒன்றும் காட்டாவிட்டால் எலிமெண்ட் போய்விட்டது. முனைக்கும் டேங்க் பாடிக்கும் இடையே ஏதாவது காட்டினால், ஓம் சரியாக இருந்தாலும் அந்த எலிமெண்ட் வேண்டாம். காயிலை மூடியிருக்கும் உறை ஓட்டையாகி கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது. ஹீட்டரைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் அணைக்கும் பிரேக்கர்) விழுகிற வீடுகளில் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கட்-அவுட்டில் சின்ன பட்டன் இருக்கும். அழுத்தினால் 'டக்' என்று உட்கார்ந்து ஹீட்டர் வேலை செய்யும். அதோடு விட்டுவிடாதீர்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமல் போனாலோ, உப்பு அப்பி சூடு ஒரே இடத்தில் தேங்கினாலோதான் அது விழும். மறுபடி விழுந்தால் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். கட்-அவுட்டை நேராக வயர் போட்டு இணைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

கரண்ட் இழுக்கிறது, தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பு என்றால் எலிமெண்ட் நன்றாகத்தான் இருக்கிறது. 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுவர 2000 வாட்டுக்கு 18 நிமிடம், 25 லிட்டருக்கு அரை மணி. மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் சூட்டும் திறன் சுமார் 1225 வாட்டாகிவிடும். 18 நிமிட வேலை அரை மணியாகும். அதுவும் இல்லையென்றால் ஹீட்டருக்குப் போகும் பச்சைத் தண்ணீர் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். சற்று நேரத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் குளியலறையின் மிக்ஸர் குழாயோ, ஷவருக்குத் திருப்பிவிடும் டைவர்ட்டரோ உள்ளே பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடுகிறது. பழுது ஹீட்டரில் இல்லவே இல்லை. நின்றுவிட்டால், வெந்நீரை டேங்கின் உச்சியிலிருந்து எடுத்துவரும் உள்குழாய் அரித்து ஓட்டை விழுந்திருக்கலாம். பிளம்பர் இரண்டு இணைப்பையும் மாற்றி மாட்டியிருந்தாலும் இப்படித்தான் ஆகும். நீலம் உள்ளே, சிவப்பு வெளியே.

போட்ட ஐந்து நிமிடத்தில் லைட் அணைந்துவிடுகிறது, தண்ணீரும் சுடவில்லை என்றால், போர் தண்ணீர் வீடுகளில் முதலில் உப்பைத்தான் நினைக்க வேண்டும். எலிமெண்ட்டையும் தெர்மோஸ்டாட் குழாயையும் சேர்த்து அது அப்பிக்கொண்டால், டேங்க் குளிராக இருக்கும்போதே தெர்மோஸ்டாட் சூடாகிவிட்டதென்று நினைத்து அணைத்துவிடும். கெட்டில் போல இரைச்சல் கேட்பதும் இதனால்தான். எலிமெண்ட்டைக் கழற்றி, சிட்ரிக் ஆசிட் கரைத்த வெந்நீரில் உறைப் பகுதியை மட்டும் ஊறவையுங்கள். முனைகள் நனையக் கூடாது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் உறை கீறிவிடும்.

எலிமெண்ட்டைக் கழற்றினால் கேஸ்கட்டை (ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை) புதிதாகப் போடுங்கள். டேங்க் அரிக்காமல் காக்கும் மெக்னீசியம் ஆனோடு கம்பி கரைந்து மெலிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அது தீர்ந்தபின் அரிப்பது டேங்க்கைத்தான். திரும்ப மாட்டியதும் வெந்நீர்க் குழாயில் காற்று அடங்கித் தண்ணீர் விடாமல் வரும்வரை எம்.சி.பி.யை ஏற்றாதீர்கள். காலி டேங்க்கில் கரண்ட் போனால் புது எலிமெண்ட் சில நிமிடங்களிலேயே கருகும்.

சூடாகும்போது சேஃப்டி வால்வில் ஒரு சில சொட்டு வந்தால் பயப்பட வேண்டாம். சூட்டில் விரியும் தண்ணீர் அது. அந்த வாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.