சூப்பர்ஸ்டார் சாகா: டிவியில் குதிப்பு தவறுகிறதா?

வணக்கம் நண்பரே. நின்டெண்டோ சுவிட்ச் கேம் கருவியை டிவியில் மாட்டி ‘மாரியோ & லூயிஜி: சூப்பர்ஸ்டார் சாகா’ ஆடும்போது, குதித்துத் தப்புவதற்குள் எதிரியின் அடி எப்போதும் முந்திக்கொள்கிறது, லெவல் ஏற்றியும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள். லெவலைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். முதலில் டாக்கிலிருந்து (டிவியோடு இணைக்கும் தாங்கி) சுவிட்சை எடுத்து, அதன் சொந்தத் திரையில் அதே எதிரியோடு 5 சண்டை போட்டுப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் குற்றம் டிவி மேல்தான்.

இது 2003இல் ஜிபிஏவுக்கு (கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவி) வந்த கேம். நொடிக்கு ஏறக்குறைய 60 ஃப்ரேம், அதாவது 60 படங்கள் திரையில் மாறும். டிவி 100 மில்லிசெகண்ட் தாமதித்தால் 6 ஃப்ரேம் போச்சு. குதிக்க அவ்வளவு அவகாசம் கிடையாது. டிவி செட்டிங்ஸில் தாமதத்தைக் குறைக்கும் ‘கேம் மோட்’ போடுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கர் இருந்தால் சத்தத்தை நம்பி அழுத்தாதீர்கள், அதுவும் பிந்தித்தான் வரும்.

கையில் வைத்து ஆடியும் தவறினால், கண் எதிரியின் மேல் இருக்கட்டும். அடிக்கும் முன் யாரைக் குறிவைக்கிறான் என்று பெரும்பாலும் காட்டிவிடுவான். மாரியோ குதிக்க ஏ பட்டன், லூயிஜி குதிக்க பி பட்டன்; இரண்டு கட்டைவிரலா, ஒன்றா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

எதிரியின் அடியைச் சுத்தியலால் தடுப்பது வேறு கணக்கு. பட்டனைப் பிடித்தால் ஓங்கும், விட்டால்தான் அடிக்கும். பயத்தில் சீக்கிரமே பிடித்தால் சுத்தியலின் தலை கழன்று தரையில் விழும்; பிறகு அடி வாங்க வேண்டியதுதான். எதிரி கிளம்பிய பிறகு பிடியுங்கள்.

பழகும்வரை, ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் ரீவைண்ட் வசதியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். தவறிய அதே அடியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.