இசை கேள்வி – பதில்: ரயில் வேகத்தில் ஒரு காதல் தோல்வி

கேள்வி: கன்ட்ரி இசை என்றால் பிரிவைப் பாடும் நிதானமான பாட்டு, பங்க் என்றால் கூச்சலும் வேகமும் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். இரண்டையும் கலந்த ‘ஆல்ட் கன்ட்ரி’ வகையில் முதலில் எந்த ஆல்பத்தைக் கேட்கலாம்? – ஒரு வாசகி, மதுரை

பதில்: வரலாற்று வரிசைப்படி போகிறவர்கள், இல்லினாய் மாநிலத்தின் பெல்வில் ஊரைச் சேர்ந்த அங்கிள் டுபெலோ குழு 1990-இல் வெளியிட்ட ‘நோ டிப்ரஷன்’ ஆல்பத்தைச் சொல்வார்கள். இவ்வகை இசைக்கென 1995-இல் தொடங்கப்பட்ட பத்திரிகைக்கே அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். ஆனால் அது முகம் இறுகிய ஆல்பம். காதலைவிட வேலையும் குடியும் சிற்றூர் வாழ்க்கையின் சலிப்புமே அதில் அதிகம். காதல் தோல்வியையும் பங்க் வேகத்தையும் ஒரே மூச்சில் கேட்க விரும்பினால், டெக்சஸ் மாநிலத்து டல்லாஸ் நகரின் ஓல்ட் நைன்ட்டி செவன்ஸ் குழு 1997 ஜூனில் எலெக்ட்ரா நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட ‘டூ ஃபார் டு கேர்’ ஆல்பத்தில் தொடங்குங்கள். மொத்தம் 13 பாடல்கள். பெரும்பாலானவற்றைப் பாடுபவர் ரெட் மில்லர். பேஸ் கிட்டார் வாசிக்கும் மர்ரி ஹாமண்டும் இடையில் பாடுகிறார். மின் கிட்டார் கென் பெத்தே, டிரம்ஸ் ஃபிலிப் பீப்பிள்ஸ்.

கேள்வி: அழ வேண்டிய பாட்டை இவ்வளவு வேகமாக வாசித்தால் சோகம் சிதறிவிடாதா? – கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: வேகம் என்பது வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டப்பட்டது என்று நினைப்பதால் வரும் ஐயம் இது. கன்ட்ரி இசைக்குள் ரயில் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஸ்னேர் டிரம்மில் இடைவிடாமல் தட்டிக்கொண்டே, நடுநடுவே சில தட்டுகளை மட்டும் அழுத்திவிட்டால், தண்டவாள இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் ஓசை கிடைக்கும். அதை ‘டிரெயின் பீட்’ என்றே அழைக்கிறார்கள். தொடக்கத்தில் டிரம்மர் இல்லாமல் வாசித்த கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ், அந்த ஓசைக்காகத் தம் கிட்டார் தந்திகளுக்கிடையே காகிதத்தைச் செருகிக்கொண்டார். அந்தத் தாளத்தை இரண்டு மடங்கு முடுக்கிப் பாருங்கள், பங்க் குழுவின் டிரம்மருக்குக் கை தானாகவே பழகிவிடும். மூன்று கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகளை, வைத்துக்கொண்டு ஒரு முழுப் பாட்டையும் முடித்துவிடும் துணிச்சலும் இரண்டு இசைக்கும் பொது. 1960-களில் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடங்கள் வயலின் கூட்டத்தையும் பின்னணிப் பாடகர்களையும் சேர்த்து மெருகேற்றியதால்தான் கன்ட்ரி என்றாலே மெத்தென்று இருக்கும் என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டது.

இந்தக் குழுவின் பெயரும் ஒரு ரயிலினுடையதுதான். 1903 செப்டம்பர் 27 அன்று, தாமதமாகப் புறப்பட்ட அஞ்சல் ரயில் ஒன்று, இழந்த நேரத்தைப் பிடிக்க விரைந்து, வர்ஜீனியாவின் டான்வில் அருகே மரப்பாலத்திலிருந்து கவிழ்ந்தது. 11 பேர் இறந்தார்கள். அதைப் பற்றிய பழைய பாட்டிலிருந்து எடுத்த பெயர் இது. பீப்பிள்ஸின் டிரம்ஸைக் கேட்கும்போது, வளைவு வருகிறது என்று தெரிந்தும் வேகத்தைக் குறைக்காத ஓட்டுநர்தான் என் நினைவுக்கு வருவார்.

கேள்வி: காதலில் தோற்றவர்களின் சுயபச்சாதாபம் எனக்கு அலுத்துவிட்டது. இதிலும் அதுதானா? – வாசகர், சேலம்

பதில்: புலம்பல் உண்டு, ஆனால் புலம்புகிறவன் தன்னையே முதலில் கேலி செய்துகொள்கிறான். இரண்டாவது பாடலான ‘பேரியர் ரீஃப்’பில் மதுக்கூடத்தில் ஒரு பெண்ணிடம் அவன் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறான். சொல்லும் பெயர் ஸ்டூவர்ட் ரான்சம் மில்லர். அது பாடகரின் சொந்தப் பெயரேதான். பெண்களை மயக்கிக் கொல்வது தன் வாடிக்கை என்று பெருமையடித்துக்கொள்பவனிடம், தான் ஏற்கெனவே செத்தாயிற்று என்று அவள் ஒரே வாக்கியத்தில் பேச்சை முடித்துவிடுகிறாள். கதாநாயகனுக்குக் கற்பனைப் பெயர் சூட்டாமல் தன் பெயரையே கொடுத்து இப்படி மூக்குடைபட வைத்த துணிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

‘பிக் பிரவுன் ஐஸ்’ இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவில் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் நேரத்தையும் வெப்பநிலையையும் ஒரு குரல் சொல்லும் வசதி இருந்தது. காதலி போன பிறகு, பேச்சுத்துணைக்காக அந்த எண்ணை அழைத்துக்கொண்டிருக்கிறான் பாட்டில் வருபவன். மணி என்ன என்பது அவனுக்கு எதற்கு? ஒரு குரல் காதில் விழுந்தால் போதும். இதே வரியை மெதுவாக, இழுத்து இழுத்துப் பாடியிருந்தால் நாம் அவனுக்காக இரக்கப்பட்டு நகர்ந்திருப்போம். ஓட்டமாகப் பாடுவதால் சிரித்துவிடுகிறோம், சிரித்த பிறகுதான் அது உறைக்கிறது. ‘நைட்கிளப்’ பாடலிலோ, இரவுதோறும் தன்னை மேடையேற்றும் விடுதிதான் தன் காதலைப் பறித்தது என்று கறுவி, குடித்துவிட்டு அதைக் கொளுத்திவிடப் போவதாக மிரட்டுகிறான்.

கேள்வி: கடைசிப் பாடலில் வரும் பெண் குரல் யாருடையது? – வாசகி, கோவை

பதில்: எக்சீன் செர்வென்கா. லாஸ் ஏஞ்சல்ஸில் 1977-இல் உருவான ‘எக்ஸ்’ என்ற பங்க் குழுவின் பாடகி. தம் குழுவினர் சிலருடன் ‘தி நிட்டர்ஸ்’ என்ற பெயரில் 1985-இலேயே கன்ட்ரி ஆல்பம் வெளியிட்டவர் என்பதால் இங்கே அவர் விருந்தாளி அல்லர், வீட்டு மூத்தவர். அதிர்ஷ்டச் சின்னங்களைச் சேர்த்துவைத்தும் காதல் கைகூடாதவனின் பாட்டான ‘ஃபோர் லீஃப் குளோவ’ரில் அவர் குரல் மில்லரின் குரலை உரசிக்கொண்டே வருகிறது, இனிமை சேர்க்க அவர் சற்றும் முயலவில்லை.

கேள்வி: இந்த ஆல்பம் நன்றாக விற்றதா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெரிய நிறுவனம் எதிர்பார்க்கும் அளவுக்கு விற்கவில்லை. ஆனாலும் 2012-இல் இதை மாதிரிப் பதிவுகளுடன் மறுபடியும் வெளியிட்டார்கள். மெக்சிகோ எல்லையை ஒட்டிய டோர்னியோ என்ற சிற்றூரில், பீக்கன் கொட்டைத் தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான ஆல்பம் இது. அதே நால்வரும் 2017-இல் வெளியான ‘கிரேவ்யார்ட் விஸ்லிங்’ ஆல்பத்தைப் பதிவு செய்ய அதே கூடத்துக்குத் திரும்பிப் போனார்கள். கேட்கும்போது பாடல்களின் வரிசையைக் கலைத்துவிடாதீர்கள். முதல் மூன்று பாடல்களின் ஓட்டத்தில் மூச்சு வாங்கிய பிறகு நான்காவதாக ‘சலோமி’ தளர்ந்து வரும்போது, அதுவரை எதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான் என்பது தெரிந்துவிடும்.